காடு பூத்தால்தான் தேன்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

தேன் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்தால் நாம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "இது சுத்தமான தேனா?" விற்பவரும் சத்தியம் பண்ணுவார். நாமும் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு வாங்கி வருவோம். "இது எந்த மரத்துத் தேன்?" என்று கேட்பவர்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இரண்டாவது கேள்விக்குள் நம் நாட்டின் முந்நூற்றைம்பது வருட வரலாறு அடங்கியிருக்கிறது. அரசர், குளம், போர், தோட்டம் என்று வகுப்பில் படிப்பிக்கும் அதே வரலாற்றை, ஒரு தேனீயின் சாப்பாட்டை வைத்தும் சொல்லலாம். அதைத்தான் இங்கே முயற்சி செய்கிறேன்.

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம்.

தேனீக்கு இரண்டு வகை உணவு வேண்டும். ஒன்று பூவின் இனிப்பு நீர். அதுதான் தேனாகிறது, பறப்பதற்கான பலம் அதிலிருந்து வருகிறது. மற்றது மகரந்தம். குஞ்சுகளை வளர்க்கும் புரதம் அதில்தான் இருக்கிறது. இரண்டும் வருடம் முழுவதும் எங்கிருந்தாவது வர வேண்டும். சிறு செடிகளும் பூக்கின்றனதான். ஆனால் ஒரு பெரிய புளியமரமோ நாவல் மரமோ பூத்தால் ஒரே இடத்தில் இலட்சக்கணக்கான பூக்கள். ஒரு தேனீக் கூட்டத்துக்கு அது பெரிய விருந்து. அந்த விருந்து முடியும்போது காட்டில் வேறொரு மரம் பூத்திருக்க வேண்டும். பாலை, வீரை, முதிரை, மருது, இலுப்பை, வேம்பு, புளி, நாவல் என்று நம் உலர்வலயக் காட்டில் ஒன்று விட்டால் ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். காடு என்பது தேனீக்கு ஒரு சாப்பாட்டு நாட்காட்டி.

புனித குர்ஆனில் தேனீயின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு, சூரத்துந் நஹ்ல், 16-ஆவது அத்தியாயம். அதில் தேனீயின் வீடுகளாக மூன்று இடங்கள் சொல்லப்படுகின்றன: மலைகள், மரங்கள், மனிதர் கட்டுபவை. வீட்டைச் சொன்ன அடுத்த வசனமே அதன் உணவைப் பற்றியது. தேனை மருந்தென்று சொல்லிக் குடிக்கும் நாம், அந்த உணவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரிதாக யோசிப்பதில்லை.

இலங்கையில் தேன் தரும் ஈக்கள் நான்கு வகை. பெரியது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையை வெளியே தொங்கவிடும். அடுத்தது பொந்துத் தேனீ. மரப்பொந்திலும் புற்றிலும் பல அடைகள் கட்டும். பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். மூன்றாவது சின்னக் கிளையைச் சுற்றி உள்ளங்கையளவு அடை கட்டும் கொம்புத் தேனீ. நான்காவது கொட்டாத கொசுத்தேனீ.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1660-ஆம் ஆண்டு. ஓர் ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து கொட்டியாரக் குடாவுக்கு, அதாவது நம் மூதூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. அதிலிருந்த தந்தையும் மகனும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகனின் பெயர் ரொபர்ட் நொக்ஸ். அவர்கள் பிடிபட்ட இடமென்று மூதூரில் ஒரு புளியமரத்தடியைக் காட்டுவார்கள். "வெள்ளைக்காரன் மரம்" என்று பெயர். கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்துவிட்டு, 1679-இல் அநுராதபுரக் காடுகள் வழியாக மன்னார் அரிப்புக்குத் தப்பி வந்தார் நொக்ஸ். 1681-இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது.

அந்த நூலில் தேனீக்களுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. நான்கில் மூன்று வகைகளைச் சிங்களப் பெயரோடு அவர் எழுதிவைத்திருக்கிறார். பொந்துத் தேனீயின் கூட்டில் ஊதிவிட்டு வெறுங்கையால் அடையை எடுத்துவிடுவார்களாம். பம்பராத் தேன் எடுக்கும் பருவம் வந்தால் ஊரே திரண்டு காட்டுக்குப் போய், தீப்பந்தத்தால் ஈக்களைக் கலைத்துவிட்டுச் சுமை சுமையாகத் தேன் கொண்டுவருமாம். கொசுத்தேனீயின் தேன் மிகச் சொற்பம் என்பதால் பெரியவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, பையன்கள்தான் தேடிச் சுவைப்பார்கள் என்றும் குறிக்கிறார்.

அவர் சொன்ன இன்னொன்றைக் கவனியுங்கள். பம்பராத் தேன் தெளிவானது, நீர்த்தன்மை கூடியது என்கிறார். இன்று அதே தேனைக் கொண்டுவந்து கொடுத்தால் "தண்ணீர் கலந்திருக்கிறாய்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாணியை மட்டும் "நல்ல தேன்" என்று வாங்கிக்கொள்வோம்.

வேடுவர் பற்றி நொக்ஸ் சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. ஒரு மரத்தின் பொந்துக்குள் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். பஞ்ச காலத்துக்கு அதுதான் சேமிப்பு. இன்றைய மொழியில் சொன்னால் அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டி. மரம்தான் பாத்திரம். அதற்குள் இருந்த தேனும் மரப்பூக்களிலிருந்து வந்ததுதான்.

அதன் பிறகு ஏறத்தாழ இருநூற்று முப்பது வருடங்கள் கழித்து, 1908-ஆம் ஆண்டளவில், செலிக்மன் தம்பதியினர் வேடுவர் மத்தியில் ஆய்வு செய்தார்கள். 1911-இல் வெளிவந்த அவர்களது பெரிய நூலில் தேனெடுப்பு விரிவாக வருகிறது. காட்டுக்கொடியால் திரித்த ஏணியைப் பாறை உச்சியிலிருந்து தொங்கவிட்டு, புகைமூட்டத்தோடு இறங்கி அடை அறுப்பார்கள். அதற்கென்று பாட்டு உண்டு, வேண்டுதல் உண்டு. ஜூன், ஜூலை மாதங்கள்தான் பாறைத்தேனின் காலம்.

அந்த நூலில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். பம்பரா அடை கட்டும் பாறைகளுக்கு உரிமை இருந்தது. இன்ன பாறை இன்ன குடும்பத்துக்கு, தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு. எழுத்தில்லாத ஓர் உறுதிப்பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "காட்டில் திரிந்த மக்களுக்குச் சொத்து என்ற எண்ணமே இல்லை" என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு! அவர்களிடம் சொத்து இருந்தது. பாறையைச் சுற்றி நின்ற பாலையும் வீரையும் பூக்கும்வரை அந்தச் சொத்துக்குப் பெறுமதியும் இருந்தது.

இந்த இடத்தில் ஆட்சியாளரின் கணக்குப் புத்தகம் குறுக்கே வருகிறது.

1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டத்தை உயர்தர மாணவர்கள் படித்திருப்பீர்கள். உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரிய நிலமென்று கொள்ளப்பட்டது. பாறைக்குப் பரம்பரை உரிமை வைத்திருந்தவரிடம் எந்த உறுதி இருக்கும்? அந்த நிலங்களில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1870-களின் இறுதியில் காப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. அதில் பெரும்பகுதி முன்பு மலைநாட்டுக் காடு. இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைச் செடி பூக்கக்கூடியதுதான். ஆனால் கொழுந்துக்காக வெட்டி வெட்டி வைக்கும் செடியில் பூவுக்கு எங்கே இடம்?

கீழே உலர்வலயத்தில் வேறு கதை. அங்கே மரம் ஒவ்வொன்றும் பலகையாக எண்ணப்பட்டது. முதிரை, கருங்காலி, பாலை. 1833-இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரே வளைவாகப் போட்ட பாலம் முழுக்க முதிரை மரம். வெளிநாட்டவர் எல்லாம் வந்து பார்த்து அதிசயித்த பாலம் அது. பாலை மரம் இரும்பு மாதிரி. தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டையாகப் போனது. 1885-இல் வனச் சட்டம், 1887-இல் வனத் திணைக்களம், 1907-இல் மீண்டும் ஒரு வனச் சட்டம். வரைமுறையில்லாமல் வெட்டுவதை இவை ஓரளவு கட்டுப்படுத்தின என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு மரத்தின் பெறுமதி அதன் கன அடிதான். அது எத்தனை கூட்டுக்குச் சோறு போட்டது என்பதற்கு அதில் ஒரு நிரல் இல்லை.

இதே காலத்தில் நடந்த ஒரு வேடிக்கையான சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1880-இல் கனடாவைச் சேர்ந்த தேனீ வியாபாரி டி. ஏ. ஜோன்ஸ் என்பவரும் அமெரிக்கரான பிராங்க் பென்டனும் புதிய தேனீ வகைகளைத் தேடிக் கீழைத்தேயம் புறப்பட்டார்கள். பென்டன் இலங்கைவரை வந்தார். இவ்வளவு பெரிய ஈ, இவ்வளவு பெரிய அடை! இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வளர்த்தால் எவ்வளவு தேன் எடுக்கலாம் என்பது கனவு. பம்பராக் கூட்டங்களைப் பிடிக்கவும் செய்தார். ஆனால் அவை ஊர்போய்ச் சேரவில்லை, இடையிலேயே இறந்துவிட்டன.

பம்பரா ஏன் பெட்டிக்குள் அடங்குவதில்லை? அது ஒரு நாடோடி. ஜெர்மனிய ஆய்வாளர்களான கோனிகர் தம்பதியினர் இலங்கையில் இதை அவதானித்து 1980-இல் எழுதினார்கள். ஓரிடத்தில் பூ முடிந்தால் கூட்டம் அடையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே பருவத்துக்குப் பருவம் போய் வருகிறது. கீழே பூத்தால் கீழே, மேலே பூத்தால் மேலே. அதாவது அதன் நாட்காட்டி ஒரு காட்டில் முடிவதில்லை. வெல்லசைக் காட்டை வெட்டினால் நுவரெலியாப் பூவுக்கு வரவேண்டிய ஈ குறையும். மலையில் வெட்டினால் கீழே தேன் குறையும்.

மரங்களை அழித்தவர்கள் புதிய மரங்களையும் கொண்டுவந்தார்கள். அதையும் சொல்லாவிட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

1876-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. இறப்பர் தேனீக்கு உணவு கொடுக்கும் விதம் விசித்திரமானது. பூவிலிருந்து அல்ல, புதிய தளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசியும். மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கும் அந்தச் சில வாரங்கள் தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு அறுவடைக் காலம். மலைநாட்டில் விறகுக்கும் கட்டைக்குமாக நட்ட யூக்கலிப்டஸ், அதாவது தோட்டத்து மக்கள் "டர்பன்டைன் மரம்" என்று சொல்வது, பூத்தால் தேன் வெள்ளம். பெட்டிகளை அங்கே கொண்டுபோய் வைத்துத் தேன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவவில் அமைந்ததும் பொருத்தம்தான். நம் ஊர்த் தென்னையும் சும்மா இல்லை. வருடம் முழுவதும் பாளை விரிவதால் மகரந்தத்துக்குக் குறைவில்லை.

அப்படியானால் காடு போனால் என்ன, தோட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஒரே வகை மரம் மட்டும் நிற்கும் இடத்தில் ஒரு மாதம் கல்யாண விருந்து, பத்து மாதம் பட்டினி. இறப்பரில் இனிப்பு நீர் கிடைக்கும். குஞ்சு வளர்க்கப் போதிய மகரந்தம் கிடைக்காது. உணவு முறிந்தால் பொந்துத் தேனீ பெட்டியையே காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். "பெட்டி வைத்தேன் சேர், ஈ ஓடிவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஈ ஓடவில்லை, சாப்பாடு தேடிப் போய்விட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன நடந்தது? காட்டை வெட்டியது வெள்ளைக்காரன் மட்டும்தான் என்று கதையை முடித்துவிட முடியாது.

1949-இல் கல்லோயாத் திட்டம் ஆரம்பமானது. இங்கினியாகலையில் அணை, சேனாநாயக்க சமுத்திரம், அம்பாறை, புதிய குடியேற்றங்கள், வயல்கள். நெல் கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. கிழக்கு மாகாணத்தில் அந்தத் தண்ணீரால் சோறு உண்ணாத சமூகம் இல்லை, நாமும் உண்கிறோம். ஆனால் செலிக்மன் எழுதிய ஹெனெபெத்த, தனிகல வேடுவரின் உலகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதில் ஒரு பகுதி தண்ணீருக்குள்ளும் வயலுக்குள்ளும் போனது. இன்னொரு பகுதி பாதுகாக்கப்பட்ட வனமானது. பிறகு மகாவலி வந்தது. 1983-இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானைப் பக்கத்து வேடுவர் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த காட்டுக்குள் போவது குற்றமானது. பலர் புதிய குடியேற்றங்களுக்குப் போனார்கள். சிலர் போக மறுத்துத் தம்பானையிலேயே நின்றார்கள். மரத்தைக் காப்பாற்ற எழுதிய சட்டம், அந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரிந்தவரை வெளியே நிறுத்திவிட்டது. காடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்த அநியாயத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஈரவலயத்தில் 1970-களில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்கள் இறங்கின. கொஸ்கம ஒட்டுப்பலகை ஆலைக்கு மரம் தேவைப்பட்டது. மக்களும் அறிஞர்களும் எதிர்த்ததால் 1977-இல் அது நின்றது. 1988-இல் அந்த வனம் உலக மரபுரிமையானது. பிறகு அங்கே பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஒட்டுப்பலகைக்காக வெட்டப்பட்ட மரக் குடும்பத்தைச் சேர்ந்த பல உயர்ந்த மரங்களின் பூக்களில் பம்பராவும் பொந்துத் தேனீயும் மகரந்தச் சேர்க்கை செய்வது தெரியவந்தது. மரம் ஈக்குச் சோறு போடுகிறது. ஈ மரத்துக்கு வித்துக் கொடுக்கிறது.

உலர்வலயத்திலும் அப்படித்தான். வீரை மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. நடுவே தூது போகப் பூச்சி இல்லாவிட்டால் வீரப்பழம் இல்லை. பாலப்பழமும் பூச்சி வந்து போன பூவில்தான் காய்க்கிறது. பருவத்தில் தெருவோரம் கடுதாசிக் கோனில் விற்கும் பாலப்பழத்தை நம்மைவிட ஆவலோடு எதிர்பார்ப்பது காட்டுக் கரடி. கரடிக்குப் பழம் கிடைக்காவிட்டால் அது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1956-இல் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 வீதம் காடு. 2010-இல் எடுத்த கணக்கில் 30 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கு இடையேதான் நம் உம்மா வாப்பா காலத்துத் தேனும் இன்றைய போத்தலும் இருக்கின்றன.

இதன் விளைவை இப்போது இரண்டு இடங்களில் பார்க்கிறோம்.

ஒன்று மலையகத்தில். "குளவி கொட்டித் தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்" என்று மாதம் தவறாமல் செய்தி வருகிறது. உயிர்களும் போயிருக்கின்றன. அந்தச் செய்திகளில் குளவி என்று எழுதப்படுவது பல நேரங்களில் பம்பராத்தான். சிகிரியாப் பாறையில் சத்தம் போட வேண்டாம் என்று பலகை வைத்திருப்பதும் இதற்காகத்தான். பெருங்காடு இல்லாத இடத்தில் தேயிலைக்கு நடுவே நிற்கும் உயர்ந்த மரம்தான் அதற்கு மிஞ்சிய கிளை. கீழே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் வேறு இடம் இல்லை. இதைத் தேனீயின் குற்றமென்று தீ வைத்துத் தீர்த்துவிட முடியாது. எந்த மரத்தில் அடை இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, அந்த நாட்களில் அந்த மலைக்கு ஆட்களை அனுப்பாமல் இருப்பது நிர்வாகங்களின் பொறுப்பு.

மற்றது நம் கடைத்தெருவில். தேவை கூடியிருக்கிறது, பூ குறைந்திருக்கிறது. இடைவெளியை நிரப்புவது சீனிப்பாணி. தீக்குச்சியில் தொட்டுப் பற்றவைப்பது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது இவையெல்லாம் நம்பத்தக்க சோதனைகள் அல்ல. நன்றாகக் காய்ச்சிய பாணி இவற்றில் சித்தியடையும். உண்மையான பாறைத்தேன் தோற்றும்விடும். ஆகவே போத்தலைச் சோதிப்பதைவிட ஆளை அறிந்து வாங்குங்கள். எந்தக் காடு, எந்த மாதம், என்ன பூ என்று கேளுங்கள். உண்மையாக எடுத்தவர் இந்தக் கேள்விக்கு வாய் நிறையப் பதில் சொல்வார். அடையில் தேன் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, குஞ்சுப் பகுதியை விட்டுவிட்டு வருபவர் என்றால் ஒரு நூறு ரூபாய் கூடக் கொடுங்கள்.

பாடசாலைகளிலும் பள்ளிவாசல் வளவுகளிலும் மர நடுகை என்றால் நிழலுக்கும் அழகுக்கும் ஏதாவது ஒன்றை நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். அதே குழியில் ஒரு நாவல், ஒரு வேம்பு, ஒரு புளி, ஒரு இலுப்பை நடலாம். குளக்கட்டுக்கு அருகில் மருது. இடமிருந்தால் பாலை, அது மெதுவாகத்தான் வளரும், நம் பேரப்பிள்ளைகள் பழம் சாப்பிடுவார்கள். பழைய குளக்கிராமங்களில் குளத்துக்கு மேற்புறம் ஒரு மரச்சோலையை வெட்டாமல் விட்டுவைப்பது வழக்கமாக இருந்தது. சிங்களத்தில் கஸ்கொம்மன என்பார்கள். காற்றைத் தடுக்க என்று சொல்வார்கள். ஈக்கும் அது பந்தியாக இருந்திருக்கும். பூக்கும் காலம் வெவ்வேறாக இருக்கும்படி தெரிந்து நட்டால், பத்துப் பதினைந்து மரங்களால் ஒரு ஊரே ஒரு சிறிய நாட்காட்டியாகிவிடும்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தவணை ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, நம் பகுதியில் எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். ஆடி, ஆவணி என்று சொன்னாலும் சரி, நோன்பு காலத்தை வைத்துச் சொல்லாமல் மாரி, கோடை என்று சொன்னாலும் சரி. பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும்.

நீங்களும் கீழே எழுதுங்கள். உங்கள் ஊர் எது? அங்கே இப்போது என்ன மரம் பூத்திருக்கிறது? அதில் ஈ வருகிறதா?